பொதுச்சுவரும் தகரப்பெட்டியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

விரிசலை அளந்தேன். ஆறு மில்லி. போன மாதத்தைவிட இம்மி கூடுதல். ஸ்கேலில் பிடிபடவில்லை, என் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டேன். இதோடு நாற்பத்தொரு கோடு.

அதற்குள் வாசலில் ஜீப். காக்கிப் பேன்ட் போட்ட ஒரு பொண்ணு, முப்பத்தைந்து வயசு இருக்கும், கையில் பளபளவென்று ஒரு தகரப்பெட்டி. பெட்டி என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்று பக்கம்தான் இருக்கிறது, மூடியும் இல்லை, முன்பக்கமும் இல்லை. இந்த வட்டாரத்தில் நிலம் இறங்குகிறதா என்று வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளை வைத்துப் பார்க்கிறார்களாம். ஆறு வீட்டு மொட்டை மாடியில் பெட்டி வைக்க வேண்டுமாம், அதில் ஒன்று என் வீடு.

எதற்கு என் வீடு என்று கேட்டேன். தெருவிலேயே அதிகம் மனு கொடுத்தது நீங்கள்தான் என்று நகராட்சி ஆபீஸில் சொன்னார்களாம். அதைச் சிரிக்காமல் சொன்னாள். அதனால் உள்ளே விட்டேன்.

மனு மூன்று. மூன்றும் என் தங்கைமேல். அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் செங்கல் வைத்துப் பிரித்து இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு. பதினாலு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் 9, அவள் தன் பக்கத்தில் மாடிக்குக் கான்கிரீட் போட்டாள். அடுத்த ஜனவரி 1, காலண்டர் மாற்ற ஆணியிலிருந்து பழையதை எடுத்தேன், பின்னால் சுவர் பிளந்திருக்கிறது. போய்க் கேட்டேன். அவள் என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "இது முன்னாடியே இருந்துச்சு, நீயே பார்த்தியே அக்கா." நான் பார்த்தேனாம். எனக்கு மறந்துபோச்சாம். யாருக்கு? எனக்கு.

விரிசலைக்கூட விட்டிருப்பேன். அந்தப் பொய்யை விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போதுதான் ஆபீஸ்காரர்களுக்குக் கண் திறந்தது. போன மாதம் அவளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது, மாடியை இடித்து இறக்கச் சொல்லி. ஏப்ரல் 2 விசாரணை.

பிப்ரவரி 4, புதன்

பெட்டியை மாடியில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டுப் போனாள். அதன் பேர் ஏதோ சொன்னாள், வாயில் நுழையவில்லை. அவளுக்கு நான் தகரப்பெட்டிக்காரி என்று பேர் வைத்துவிட்டேன். நேரிலேயே கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள்.

விதிகள்: பெட்டிக்குள் எதையும் காயவைக்கக் கூடாது. பக்கத்தில் வாளி, பாத்திரம் வைக்கக் கூடாது. அடியில் மழைத்தண்ணி போக ஓட்டை இருக்கிறது, அதில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே கடந்து போகும். அந்த நேரம் பெட்டி பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

மருமகள் காதில் விழும்படி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். அவள் துவைத்ததைக் கண்ட இடத்தில் போடுகிறவள்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் நாள். ஐந்து மணிக்கே எழுந்து தலை வாரி, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். மேகம் மூடியிருந்தது. போச்சு, இன்றைக்குத் தெரியாது என்று நினைத்தேன். மருமகள் கீழேயிருந்து, "அத்தை, யாருக்குப் பொண்ணு பார்க்க வராங்க?" என்று கேட்டாள். இந்த வாய்க்கு இருபது வருஷமாக நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றும் கண்ணில் படவில்லை. சத்தமும் இல்லை. வந்ததா வரவில்லையா என்று யாரிடம் கேட்பது?

பிப்ரவரி 12, வியாழன்

வந்ததாம். தகரப்பெட்டிக்காரி டீ குடிக்க உட்கார்ந்தபோது சொன்னாள். மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இது போட்டோ பிடிக்கிற ஜாதி இல்லையாம். காலி அறையில் கை தட்டினால் சத்தம் திரும்பி வருகிற மாதிரி, இது மேலேயிருந்து அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் காது கொடுத்துக் கேட்கிறது. என் மாடிப் பெட்டி மூன்று பக்கமும் பட்டு வந்த வழியே நேராகத் திருப்பி அனுப்பும், அதனால் இந்த இடம் பளிச்சென்று தெரியும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் திரும்பி வருகிற தூரத்தில் மில்லிக்கணக்கில் வித்தியாசம் இருந்தாலும் பிடித்துவிடுவார்களாம்.

அவ்வளவு உயரத்திலிருந்து மில்லி எப்படி என்று கேட்டேன். "நீங்க ஸ்கேல்ல பார்க்கிறத நாங்க அலையில பார்க்கிறோம், அவ்வளவுதான்மா" என்றாள். ஸ்கேல் விலை குறைவு.

அவள் இதற்கு முன் பார்த்த வேலைகளைக் கேட்டேன். கடலில் கப்பல்காரன் எண்ணெயைக் கொட்டிவிட்டு ஓடினால் அந்த இடத்தில் அலை அடங்கி வழுவழுப்பாகத் தெரியுமாம்; நான் இல்லை என்று அவன் சொல்ல முடியாது. (இது எனக்கு ரொம்பப் பிடித்தது.) வெள்ளம் வந்தால் மழை விடும் முன்பே எதுவரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று வரைபடம் போட்டு மீட்புப் படகுக்குக் கொடுத்திருக்கிறாள். சுரங்கத்துக் கழிவைத் தேக்கிய ஒரு கரை மெள்ள நகர்வதைப் பார்த்துச் சொல்லி, கீழே இருந்தவர்களை வெளியேற்றினார்களாம். போட்டோ பிடிக்கிற வேறு செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. எந்த வயல் தண்ணீருக்கு வாடுகிறது, எந்தக் காட்டில் புகை கிளம்புகிறது, எந்த ஏரி பாசி பிடித்துப் பச்சையாகிறது எல்லாம் அதன் வேலை. பயிர் போச்சு என்று ஒருவர் சொன்னால் இன்சூரன்ஸ்காரர்கள்கூட முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்களாம்.

இவ்வளவு வேலைக்கு நடுவில் என் சுவருக்கும் வருகிறது. என் மருமகளிடம் இரண்டு வேலை சொன்னால் ஒன்றை மறப்பாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள், அதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எடுத்த எதையும் அவர்கள் அழிப்பதில்லையாம். எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமைகூடப் பத்திரமாக இருக்கிறதாம், வேண்டியபோது எடுத்துப் பார்க்கலாமாம். என்னைப் போல ஒருத்தி மேலே இருக்கிறாள் என்பதில் ஒரு நிம்மதி.

பிப்ரவரி 15, ஞாயிறு

பெட்டியைத் துடைக்கப் போனபோதுதான் கவனித்தேன். அது வாயைத் திறந்துகொண்டு என் தங்கை வீட்டைப் பார்த்து நிற்கிறது. என் மாடியில், என் இடத்தில், நான் இலை பொறுக்கிப் பார்த்துக்கொள்ளும் பெட்டி அவள் வீட்டைப் பார்ப்பதா? நாளைக்கே, எனக்காக வைத்த பெட்டி என்று தெரு முழுக்கச் சொல்வாள். அவளைத் தெரியும் எனக்கு.

போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினேன். ஒரு பக்கம் ஆடியது. கீழே செங்கல் சில்லு ஒன்று கொடுத்தேன். இப்போது சரி.

பிப்ரவரி 21, சனி

இரண்டாவது முறை. அதே நேரம், அதே படி. இன்றைக்குத் தலை வாரவில்லை.

பிப்ரவரி 25, புதன்

தகரப்பெட்டிக்காரி போன் பண்ணினாள். குரலில் குழப்பம். மற்ற ஐந்து பெட்டியும் ஒழுங்காக இருக்கிறதாம். என் வீடு மட்டும் பன்னிரண்டு நாளில் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாம்.

"அம்மா, வீடு வளராதும்மா."

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்குச் செங்கல் சில்லு விஷயம் தெரியும் போலிருக்கிறது. காற்றில் திரும்பியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்காது. சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு கேட்டாள், "எந்தப் பக்கம் திருப்பினீங்க, எவ்வளவு?" எனக்கு அளவு நினைவிருந்தது, போல்ட்டிலிருந்து இரண்டு விரற்கடை, மேற்கே. அவளுக்கு அதுவே ஆச்சரியம்.

பிப்ரவரி 27, வெள்ளி

வந்து பெட்டியைப் பழையபடி திருப்பினாள். அது என் தங்கை வீட்டைப் பார்க்கவில்லையாம். கோள் அந்தத் திசையில் போகிறது, அதைப் பார்க்கிறது. நடுவில் அவள் வீடு இருப்பது தற்செயல். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அளவு வீணானதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, டீ கொடுத்தேன்.

டீ குடிக்கும்போது காலண்டருக்குக் கீழே தெரிந்த கோட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். காலண்டரை எடுத்துக் காட்டினேன். நாற்பத்தொரு கோடு, நாற்பத்தொரு தேதி, நாற்பத்தொரு அளவு. டம்ளரை வைத்துவிட்டுச் சுவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் படம் பிடித்தாள். பிடித்து முடித்ததும் சொன்னாள்: "எங்ககிட்ட இந்தத் தெருவுக்கு எட்டு வருஷம்தான் இருக்கு. உங்ககிட்ட பதினாலு இருக்கு."

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திய அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது முறை. பெட்டியைத் தொடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்குப் படம் கொண்டுவந்தாள். நம் தெரு, பின்தெரு, மார்க்கெட் வரைக்கும் மேலேயிருந்து பார்த்த மாதிரி. வீட்டுக்கு வீடு புள்ளி. பச்சை, மஞ்சள், சிவப்பு. என் வீட்டுமேல் மஞ்சள் புள்ளி. தங்கை வீட்டுமேல் சிவப்பு.

பார்த்தியா என்று மருமகளைப் பார்த்தேன். சிவப்பு. வானத்திலிருந்தே தெரிகிறது யார் குற்றவாளி என்று.

தகரப்பெட்டிக்காரி தலையை ஆட்டினாள். சிவப்பு என்றால் குற்றம் இல்லையாம். இறக்கம். என் வீடு வருஷத்துக்கு ஒன்பது மில்லி இறங்குகிறது. தங்கை வீடு பன்னிரண்டு. அதற்கு அடுத்த வீடு பதினாலு. அடுத்தது பதினேழு. விரலை வைத்துக்கொண்டே போனாள். தட்டில் ஈர மாவை ஊற்றி நடுவில் விரலால் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குழி. குழியின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரே இடம், பின்தெரு ஐஸ் பேக்டரி. நாலு ஆழ்துளைக் கிணறு. பதினைந்து வருஷமாக இரவும் பகலும் உறிஞ்சுகிறார்கள். அடியில் தண்ணீர் போகப் போக மண் உட்காருகிறது. இரண்டு வீடும் ஒரே அளவு இறங்கினால் சுவருக்கு ஒன்றுமில்லை. அவள் வீடு கொஞ்சம் அதிகம் இறங்குவதால் பொதுச்சுவர் கிழிகிறது.

அப்போ மாடி?

"இந்த எட்டு வருஷத்துக்கு மாடி காரணமில்லன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியும். அதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒண்ணுமில்ல. விரிசல் மாடிக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுதுன்னு உங்க சுவர் சொல்லுது, உங்க மனுவும் அதைத்தான் சொல்லுது. ஆபீஸ்ல உங்க மனுவைத்தான் எடுத்துக்குவாங்க."

சுவர் சொல்வது உண்மைதான். செப்டம்பரில் கான்கிரீட், ஜனவரியில் விரிசல். யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனாலும் அந்தப் படத்தை அவள் சுருட்டி எடுத்துப் போனது பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

முந்தாநாள் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இதற்கு நான் இரண்டு நாளாக எரிச்சலாக இருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

நாலாவது முறை. படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்க மாடியிலிருந்து தையல் மிஷின் சத்தம், அந்த நேரத்துக்கே. தங்கையின் மகள். இரண்டு மிஷின் போட்டு அந்த மாடியில்தான் அவள் பிழைப்பு. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அதில்தான் வளர்க்கிறாள். மாடி போனால் அதுவும் போகும். அதை நான் யோசிக்காமல் இல்லை. மனு எழுதும்போது மாடியில் மிஷின் இல்லை, வெறும் மாடிதான்.

மத்தியானம் அவளே வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நின்றாள். தகரப்பெட்டிக்காரி அந்தப் பக்கச் சுவரையும் பார்க்கக் கேட்டிருக்கிறாள். என் தங்கை கதவைத் திறக்கவில்லை. இங்கே பெட்டி வைத்தவளை அங்கே விட முடியாதாம்.

"அம்மா ஒண்ணுதான் சொல்றாங்க, பெரியம்மா. பார்க்கணும்னா நீங்க வந்து பார்க்கணுமாம்."

எதைப் பார்க்க? அதை அவள் அம்மா சொல்லவில்லையாம். அம்மா ஆபீஸில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாளாம், சுவரில் யார் வேண்டுமானாலும் கோடு போடலாம் என்று அங்கே சிரித்தார்களாம். அதற்கப்புறம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

போ, பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகுதான் மனசில் பட்டது. சுவரில் கோடா? அவளுமா?

மார்ச் 19, வியாழன்

போனேன்.

என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு ஒன்பது அடி. கதவு திறந்தே இருந்தது. அவள் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைவிட நாலு வயசு சின்னவள்.

"வா. ஒன்பது அடி நடக்கப் பதினாலு வருஷமாச்சா உனக்கு" என்றாள்.

பீரோவை நகர்த்தச் சொன்னாள், மகள் நகர்த்தினாள். பின்னால் அதே விரிசல், என் பக்கத்தில் இருப்பது போலவே, ஆனால் திருப்பிப் போட்ட மாதிரி. அதன் பக்கத்தில் கோடுகள். என்னுடையது போலவே. தேதியும் அளவும். எண்ணினேன். இருபத்தாறு. என்னைவிடச் சோம்பேறி.

சுவர் முழுக்க நாலைந்து தடவை வெள்ளையடித்திருக்கிறாள். விரிசலைச் சுற்றி ஒரு முழம் மட்டும் பழைய நீலச் சாயத்திலேயே இருக்கிறது, ஓரம் வெட்டிவிட்டதுபோல. யாரையும் அதன்மேல் பிரஷ் வைக்க விடவில்லை.

எல்லாக் கோட்டுக்கும் மேலே ஒன்று. மற்றதெல்லாம் கறுப்பு. அது சிவப்பு. தேதி 17-7. மாடி போட்ட அதே வருஷம். கான்கிரீட்டுக்கு இரண்டு மாதம் முன்னால்.

இதை நீ பின்னால் எழுதினாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. தேதியில் இருந்த ஏழு கண்ணில் பட்டது. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. எங்கள் வீட்டில் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் ஒன்று மாதிரி இருக்கிறது என்று டீச்சர் கையில் அடித்த நாளிலிருந்து போடுகிறேன்.

"யார் எழுத்து?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாததுபோல.

என் வீட்டுக்காரர் மரக்கடையில் கணக்கு எழுதியவர். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் உள்ள பென்சில் கொண்டுவருவார். அது என் தலைமுடிக் கொண்டையில் செருகியிருந்தது. அன்று மழை. இவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மயிரிழை போல ஒன்று தெரிகிறது, பல்லி என்று நினைத்தேன் என்று இவள் சொன்னாள். எங்கே பார்க்கட்டும் என்று எழுந்து போனேன். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தேன். கோடு போட்டுத் தேதி எழுதி, "பெரிசாகுதான்னு பாரு" என்று சொன்னேன். சொன்னது நான். பிறகு வேறு ஏதோ பேசிச் சிரித்தோம், அதுகூட நினைவு வந்துவிட்டது, மழையில் வழுக்கி விழுந்த பால்காரரைப் பற்றி.

என் பக்கத்தில் அப்போது காலண்டர் தொங்கியது. அதனால் பார்க்கவில்லை.

"நீயே பார்த்தியேன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஆமா" என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

எனக்கு மறக்காதுன்னு ஊரே சொல்லும். எவன் எந்தக் கல்யாணத்துல என்ன பேசினான்னு தேதியோட சொல்வேன். இது எப்படிப் போச்சு? போகலை. இருந்திருக்கு. நான் எடுத்துப் பார்க்கலை — அவ்வளவுதான். மேல இருக்கிறவ எதையும் அழிக்கிறதில்லை. நான் அழிச்சிருக்கேன். கோபம் வந்தா வேண்டாததை அழிச்சுட்டு வேண்டியதை மட்டும் வச்சிக்கிறேனா? அப்போ இன்னும் என்னென்ன போச்சு? நாத்தனார் விஷயம்? அது நிஜம். அதுல சந்தேகமே இல்ல. அவர் தம்பி விஷயமும் நிஜம்தான்.

பதினாலு வருஷம். அவள் மகள் கல்யாணத்துக்குப் போகலை. அந்த மாப்பிள்ளை செத்தப்போ வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 21, சனி

தகரப்பெட்டிக்காரிக்கு நானே போன் பண்ணி, அந்தப் பக்கச் சுவரைப் படம் பிடிக்க வரச் சொன்னேன். கதவு திறக்குமா என்று கேட்டாள். திறக்கும் என்றேன்.

மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் புத்தி அவளுக்கு அபூர்வம், அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஐந்தாவது முறை. விசாரணைக்கு முன் இதுதான் கடைசி. படியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாடியில் அவளும் வந்து நின்றாள். அவளும் மேலே பார்த்தாள், நானும் மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

விசாரணை. நீளமான ஹால், மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது. நடுவில் உட்கார்ந்த அதிகாரி தடிக் கண்ணாடிக்காரர், முன்னால் என் மூன்று மனுவும் விரித்திருந்தன. மூன்றும் என் கையெழுத்து. பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

தகரப்பெட்டிக்காரி வண்ணப் படத்தைச் சுவரில் ஒட்டி, குழியைக் காட்டினாள். வருஷாவருஷம் எப்படி ஆழமாகிறது என்று எட்டுப் படம். ஐஸ் பேக்டரிக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்; அவர்கள் வக்கீல் எழுந்து, வானத்தில் இருந்து மில்லி பார்ப்பது நம்பும்படியா இருக்கிறது என்று கேட்டார். அவள் என் சுவர் போட்டோவை எடுத்தாள். இந்த எட்டு வருஷத்தில் கோளின் கணக்குப்படி இந்தச் சுவர் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில். என் ஸ்கேல் எவ்வளவு என்று சொன்னது பக்கத்துத் தாளில். ஒரு மில்லியில் மூன்றில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை. வக்கீல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது நாற்காலி கிறீச்சென்றது, அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

கண்ணாடிக்காரர் இது எட்டு வருஷத்துக்குத்தான், விரிசலின் ஆரம்பம் மாடிக்குப் பிறகு என்று மனுவில் இருக்கிறதே என்றார். என்னைப் பார்த்தார்.

எழுந்தேன்.

"மூணு மனுவும் நான் எழுதினது. மூணும் தப்பு. விரிசல் மாடிக்கு முன்னாடியே இருந்துச்சு. என் தங்கச்சி வீட்டுப் பக்கம் சிவப்புப் பென்சில்ல ஒரு கோடு இருக்கு, ஜூலை பதினேழு. மாடி போட்டது செப்டம்பர் ஒன்பது."

அந்தக் கோடு யார் போட்டது என்று கேட்டார்.

"நான்."

நீங்களே போட்ட கோடு பதினாலு வருஷம் உங்களுக்கு நினைவில்லையா என்று கேட்டார். ஹாலில் யாரோ சிரித்தார்கள். இருந்தது, வேண்டாமென்று வைத்திருந்தேன் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு சிவப்புக் கோட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஏழு எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். குறுக்கே கோடு போட்டேன்.

மாடிக்கு வந்த நோட்டீஸை நிறுத்தி வைத்தார்கள். ஐஸ் பேக்டரிக் கிணறுகளை அளக்க உத்தரவு.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். தங்கை முன்னால், நான் இரண்டு சீட் பின்னால். மூன்றாவது நிறுத்தத்தில் பக்கத்து ஆள் இறங்கியதும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆனா உன் தண்ணித் தொட்டியும் கொஞ்சம் கனம்தான் அக்கா."

இதை மன்னிக்கப் போவதில்லை. தேதி போட்டு வைத்தாயிற்று.

மே 5, செவ்வாய்

நாலில் மூன்று கிணற்றுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தகரப்பெட்டிக்காரி வேறு ஊருக்குப் போகிறாள், ஏதோ ரயில் பாதை இறங்குகிறதாம். பெட்டி இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கும். இலையை யார் பொறுக்குவது என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 17, வெள்ளி

காலையில் விரிசலை அளந்தேன். ஆறு மில்லி. ஏப்ரலில் ஆறு, மேயில் ஆறு, ஜூனிலும் ஆறு.

சுவரை மூன்று தடவை தட்டினேன். அந்தப் பக்கம் பீரோ நகரும் சத்தம். விரிசல் வழியாகவே அவள் குரல் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"இங்கயும் ஆறு அக்கா. நல்லா பார்த்தியா நீ? கண்ணாடி போட்டியா?"

போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆறுதான். தேதி எழுதினேன், ஏழுக்குக் குறுக்கே கோடு. அவள் என்ன பென்சில் என்று கேட்டாள். நீலம் என்றேன். சிவப்பு இல்லையா என்றாள். அது உன் பக்கம்தான் என்றேன்.

பத்து மணிக்குக் கொத்தனார் வந்தார். இனிமேல் விரியாது என்கிறார்களே, சிமென்ட் கலந்து இன்றைக்கே இரண்டு பக்கமும் அடைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.